மலை மேல் ஒரு தொட்டில்

தலைப் பிரசவத்துக்குப் பெண்ணைத் தாய்வீட்டுக்கு அழைத்து வருவது நம் வழக்கம். ஆனால், பிரசவ காலம் நெருங்கினால் மலையை விட்டே இறங்கிப் போய்விட வேண்டும் என்று ஓர் ஊர்ப் பெண்கள் பயந்து கிடந்தார்கள் என்றால் நம்புவீர்களா? பிறக்கிற குழந்தை பிழைக்க வேண்டுமே என்ற கவலைதான் காரணம்!

அந்த ஊரின் பெயர் பொத்தோசி. தென் அமெரிக்காவில், இன்றைய பொலிவியா நாட்டில், ஆண்டீஸ் மலைமீது 13,000 அடிக்கும் மேலே இருக்கிறது. அங்கே ஒரு மலை நிறைய வெள்ளி இருப்பதைக் கண்டுபிடித்த ஸ்பெயின் தேசத்தார் 1545-ல் குடியேறினார்கள். சில பத்தாண்டுகளுக்குள் லட்சம் பேருக்கு மேல் வசிக்கும் பெரிய பட்டணமாகிவிட்டது. வெள்ளிக்குக் குறைவில்லை. ஸ்பானியர் வீடுகளில் தொட்டில்தான் ஆடவில்லை!

பதினேழாம் நூற்றாண்டில் வாழ்ந்த காலாஞ்சா என்ற துறவி இதைப் பற்றி எழுதி வைத்திருக்கிறார். ஸ்பானியப் பெண்களுக்கு அங்கே பிறந்த சிசுக்கள் தங்கவே இல்லையாம். அதனால் கர்ப்பிணிகள் தாழ்வான பள்ளத்தாக்குகளுக்குப் போய்ப் பிரசவித்தார்களாம். ஊர் தோன்றி 53 ஆண்டுகள் கழித்து, 1598-ல்தான் முதல் ஸ்பானியக் குழந்தை அங்கே பிறந்து பிழைத்ததாம். அதை ஒரு புனிதரின் அற்புதம் என்றே அவர் சொல்கிறார். துறவியின் கணக்கில் கொஞ்சம் மிகை இருந்தாலும் இருக்கலாம். ஆனால் ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். அதே ஊரில், அதே குளிரில், அந்த மண்ணின் பூர்வகுடிப் பெண்கள் பிள்ளை பெற்று வளர்த்துக்கொண்டுதான் இருந்தார்கள்!

இந்த வித்தியாசம் எதனால்? காற்றினால்தான். அவ்வளவு உயரத்தில் காற்று மெலிந்துவிடுகிறது. கடற்கரையில் நாம் ஒரு மூச்சில் இழுக்கும் பிராணவாயுவில் ஏறக்குறைய ஐந்தில் மூன்று பங்குதான் அங்கே கிடைக்கும். வயிற்றில் இருக்கும் குழந்தை தானாக மூச்சு விடுமா? தாயின் ரத்தம் கொண்டு வருவதுதான் அதற்குக் கிடைக்கும். எனவே, மலை ஏற ஏறக் குழந்தையின் எடை குறைகிறது. ஒவ்வொரு ஆயிரம் மீட்டருக்கும், அதாவது 3,300 அடிக்கு, சுமார் 100 கிராம் குறைகிறது என்று கணக்கிட்டிருக்கிறார்கள்.

தலைமுறை தலைமுறையாக ஆண்டீஸில் வாழும் தாய்மாருக்கு மட்டும் இந்தக் குறைவு அவ்வளவாக இல்லை. கர்ப்ப காலத்தில் அவர்களுடைய கர்ப்பப்பைக்குப் போகும் ரத்தக் குழாய் நன்றாக விரிந்து கொடுக்கிறது. குழந்தைக்கு ரத்தம் தாராளமாகப் போய்ச் சேருகிறது. அந்த ஜனங்களுக்கு மார்புக் கூடு அகலம். ரத்தத்தில் சிவப்பணுக்களும் அதிகம்.

ஆனால் எதற்கும் ஒரு விலை உண்டல்லவா? சிவப்பணு அளவுக்கு மீறிப் பெருகினால் ரத்தம் குழம்பாகிவிடும். தலைவலி, மூச்சுத் திணறல், உதடு நீலம் பாய்வது என்று உபத்திரவம் ஆரம்பிக்கும். பெரு நாட்டு டாக்டர் கார்லோஸ் மோங்கே 1920-களில் இந்த நோயை விவரித்தார். கீழே இறங்கி வந்தால் குணம் தெரியும்.

இனி திபெத்துக்கு வாருங்கள். அங்கேயும் அதே உயரம், அதே மெல்லிய காற்று. ஆனால் திபெத்தியரின் ரத்தம் அப்படிக் கெட்டிப்படுவதில்லை. அவர்கள் மூச்சை வேகமாக வாங்குகிறார்கள். ரத்தக் குழாய்கள் விரிந்து ரத்தத்தை விரைவாக ஓடவிடுகின்றன. ஒரே கஷ்டத்துக்கு இரண்டு ஜனங்கள் இரண்டு வழி கண்டிருக்கிறார்கள்! ரத்தம் கெட்டிப்படாமல் காப்பதில் ஈபாஸ்-1 என்ற மரபணுவுக்குப் பங்கு உண்டு என்று 2010-ல் தெரிந்தது. சைபீரியாவில் டெனிசோவா என்ற குகையில் எலும்பு கிடைத்ததே, அந்தப் பழைய மனித இனத்திடமிருந்து வந்த சொத்து அது என்று 2014-ல் கண்டார்கள்.

இந்த வாகு எப்படி ஊர் முழுக்கப் பரவியது? இங்கேதான் மனம் கனக்கிறது. அமெரிக்க மானிடவியலாளர் சிந்தியா பீலும் அவருடைய குழுவினரும் 13,000 அடி உயரத்தில் இருந்த திபெத்தியத் தாய்மாரை ஆராய்ந்து 2004-ல் முடிவை வெளியிட்டார்கள். ரத்தத்தில் பிராணவாயு கூடுதலாகத் தங்கும் பிறவி வாகு உள்ள தாய்மாரின் குழந்தைகள் அதிகமாகப் பிழைத்தன. அந்த வாகு இல்லாதவர்கள் அதிகக் குழந்தைகளைப் பறிகொடுத்தார்கள். பிழைத்த குழந்தை வளர்ந்து, தாயின் வாகைத் தன் பிள்ளைக்குக் கொடுத்தது. இப்படியே எத்தனையோ தலைமுறை! "மலை ஜனங்களுக்கு இரும்பு உடம்பு" என்று நாம் சுலபமாகச் சொல்லிவிடுகிறோம். அந்த இரும்பை உருக்கி வார்த்தது எத்தனையோ தாய்மாரின் கண்ணீர்!

ஆகையால் உடம்பில் உயர்ந்தது, தாழ்ந்தது என்று இல்லை. இந்த ஊருக்கு ஏற்றது, அந்த ஊருக்கு ஏற்றது என்றுதான் உண்டு. நீங்களும் ஒரு விடுமுறைக்கு லடாக்கில் 11,500 அடி உயரத்திலுள்ள லே நகருக்கு விமானத்தில் போய் இறங்கலாம். இறங்கியவுடன் ஊர் சுற்றக் கிளம்பிவிடாதீர்கள். இரண்டு நாள் ஓய்வாக இருங்கள். கர்ப்பிணியாக இருந்தால், டிக்கெட் வாங்குவதற்கு முன்பே டாக்டரைக் கேளுங்கள். அங்கே முதுகில் குழந்தையைக் கட்டிக்கொண்டு மேட்டில் சர்வ சாதாரணமாக ஏறிப் போகும் தாய் ஒருத்தியைக் கண்டால், ஒரு நிமிஷம் நின்று பாருங்கள். அவளுக்குப் பின்னால் ஆயிரம் பாட்டிமார் வருகிறார்கள்!