அக்கரைச் சேமிப்புக்கு யார் காவல்?

கோத்தா திங்கியிலிருந்து ஜோகூர் பாருவுக்குச் சுமார் 40 கிலோமீட்டர். பாலத்தைத் தாண்டினால் சிங்கை. விடியுமுன்னே மோட்டார் சைக்கிளில் கிளம்பி, அக்கரையில் வேலை பார்த்து வரும் பிள்ளைகள் உங்கள் தோட்டத்திலும் இருப்பார்கள். அந்த வீடுகளில் கணக்கும் இரண்டு: இங்கே ஒன்று, அங்கே ஒன்று. வங்கி நொடித்துப் போனால் எந்த நாடு பதில் சொல்லும் என்று என்றாவது யோசித்தீர்களா?

நம் பெரியவர்கள் காலத்தில் மலாயா, சிங்கப்பூர், சரவாக், வட போர்னியோ, புரூணை எல்லாவற்றுக்கும் ஒரே வாரியம்தான் நோட்டு வெளியிட்டது. 1967 ஜூன் 12-இல் தனித்தனி நாணயம் வந்த பிறகும், 1973 மே வரை நம் வெள்ளியும் சிங்கப்பூர் வெள்ளியும் சரிக்குச் சரி. இன்று சொன்னால் பிள்ளைகள் சிரிப்பார்கள்!

நோட்டு பொதுவாக இருந்தாலும் வங்கியின் உடைமையாளர் கடல் தாண்டியும் இருக்கலாம். 1937-இல் எம்.சிடி.எம். சிதம்பரம் செட்டியார் தொடங்கிய இந்தியன் ஓவர்சீஸ் வங்கியை நம்மவர்கள் அறிவார்கள். 1969 ஜூலை 19-இல் இந்திய அரசு 14 வங்கிகளை நாட்டுடைமையாக்கியது. முடிவு எடுத்தது டில்லி. சிக்கல் முளைத்தது மலேசியாவில். அயல்நாட்டு அரசுக்குச் சொந்தமான வங்கி இங்கே தொழில் நடத்த நம் சட்டம் இடம் தரவில்லை. ஆகவே அந்த வங்கி, இந்தியன் வங்கி, யுனைடெட் கமர்ஷியல் வங்கி ஆகிய மூன்றின் மலேசியக் கிளைகளும் சேர்ந்து 1973-இல் யுனைடெட் ஏஷியன் வங்கி ஆயின. அது 1991-இல் பேங்க் ஆஃப் காமர்ஸுடன் இணைந்தது. அந்த வழியில் வந்ததுதான் இன்றைய சிஐஎம்பி.

யூரோ நாடுகளின் பெரிய வங்கிகளை 2014 நவம்பர் முதல் ஐரோப்பிய மத்திய வங்கியே நேரடியாகக் கண்காணிக்கிறது. ஆசியானில் அப்படி ஒரு பொதுக் காவலர் இல்லை. இங்கே பேங்க் நெகாரா, அங்கே சிங்கப்பூர் நாணய ஆணையம்.

ஆனாலும் ஆபத்து வந்தால் அண்டை வீட்டைப் பார்க்காமல் முடியுமா? 2008 அக்டோபரில் உலக வங்கிகள் ஆட்டம் கண்டபோது, வைப்புத்தொகை முழுவதற்கும் ஹாங்காங் உத்தரவாதம் தந்தது. இரண்டு நாளில் சிங்கப்பூரும் மலேசியாவும் ஒரே தினத்தில் அப்படியே அறிவித்தன. ஒரு கரை மட்டும் அறிவித்திருந்தால் மறுகரைப் பணம் பாலம் ஏறியிருக்கும் என்பதை நான் சொல்லவும் வேண்டுமா? உத்தரவாதத்தை விலக்கிக்கொள்வதற்கும் 2009-இல் மூன்று தரப்பும் கூட்டுக் குழு அமைத்தன. 2010 டிசம்பர் 31-இல் மூன்றும் ஒன்றாகவே முடிந்தன.

இப்போது நிலைமை இது. மலேசியாவில் பிஐடிஎம் என்ற காப்புறுதிக் கழகம், ஓர் உறுப்பு வங்கியில் ஒருவருக்கு 2,50,000 ரிங்கிட் வரை காக்கிறது. சிங்கப்பூரில் 2024 ஏப்ரல் முதல் 1,00,000 சிங்கப்பூர் வெள்ளி வரை பாதுகாப்பு உண்டு. அங்கே சிங்கப்பூர் வெள்ளியில் போட்ட பணத்துக்கு மட்டுமே அது. ரிங்கிட்டாகப் போட்டிருந்தால் கிடையாது. மலேசிய வங்கியின் பெயர்ப்பலகையை அங்கே பார்த்து, நம் பிஐடிஎம் காக்கும் என்று எண்ணிவிடாதீர்கள். அக்கரைக் கிளையில் போட்ட பணம் அக்கரைக் கணக்கில்தான் சேரும்.