கோச்ச மாத்துங்கப்பா!

2019 நவம்பர் 25. சென்னை நேரு ஸ்டேடியம். 90 நிமிடம் முடிந்தும் ஸ்கோர் 0-0. சென்னையின் எஃப்.சி.க்கு அது அந்த ஐ.எஸ்.எல். கால்பந்து சீசனின் ஐந்தாவது ஆட்டம். அதுவரை ஒரு கோல்கூட அடித்திருக்கவில்லை. கோவாவிடம் 0-3, மும்பையுடன் 0-0, ஏ.டி.கே.விடம் 0-1, பெங்களூருவிடம் 0-3. எனக்குப் பின்வரிசையில் ஓர் அண்ணன் தொண்டை கட்டிப்போகுமளவுக்குக் கத்திக்கொண்டிருந்தார்: "கோச்ச மாத்துங்கப்பா!" கோச் ஜான் கிரிகரி இங்கிலாந்துக்காரர், தமிழ் தெரியாது என்பதெல்லாம் அண்ணனுக்கு ஒரு பொருட்டே இல்லை. கூட்டத்துக்கு முந்திக்கொண்டு சென்ட்ரலுக்கு நடந்துவிடலாம் என்று நான் படியிறங்க ஆரம்பித்திருந்தேன்.

இஞ்சுரி டைமில் ஷெம்ப்ரி ஒரு கோல் போட்டார். நின்றேன். ஹைதராபாத்தின் கில்காலன் சமன் செய்தார். திரும்பவும் இறங்கினேன். அடுத்த மூச்சில் வால்ஸ்கிஸ் அடித்தார். 2-1. பின்வரிசை அண்ணன் யாரென்றே தெரியாத ஒருவரைக் கட்டிப்பிடித்துக் குதித்துக்கொண்டிருந்தார்.

மூன்று நாள் கழித்து ஒடிசாவுடன் 2-2. ஆறு ஆட்டம், ஐந்து புள்ளி. நவம்பர் 30 அன்று கிரிகரி விடைபெற்றார்.

இதே கிரிகரிதான் 2018 மார்ச்சில் பெங்களூருவை அதன் சொந்த மைதானத்திலேயே 3-2 என்று வீழ்த்திக் கோப்பையைச் சென்னைக்குக் கொண்டுவந்தவர். அதற்கடுத்த சீசனில் அணி 18 ஆட்டத்தில் ஒன்பதே புள்ளி எடுத்துக் கடைசி இடத்தில் கிடந்தது. கோப்பை தந்த மனிதர் என்ற மரியாதையில் அப்போது அவரை வைத்துக்கொண்டார்கள். நன்றிக்கடன் நல்ல குணம்தான். ஆனால் சந்தேகத்தோடு வைத்துக்கொண்டு, புது சீசனில் மூன்று தோல்விக்கே கையைப் பிசைவது நன்றியுமில்லை, நிர்வாகமுமில்லை. அனுப்புவதென்றால் அந்தக் கோடையில் அனுப்பியிருக்க வேண்டும் என்பது என் கட்சி.

கிரிகரியின் இடத்துக்கு ஓவன் கோய்ல் வந்தார். அதன்பின் நடந்ததை "கோச்சை மாற்றினால் அணி எழும்" என்பதற்குச் சாட்சியாக இன்றும் சொல்வார்கள். லீக் சுற்றில் நாலாவது இடம், 29 புள்ளி. அரையிறுதியில் இரண்டு ஆட்டமும் சேர்த்து கோவாவை 6-5 என்று தாண்டி இறுதிப்போட்டி. கதை உண்மைதான். ஆனால் நடுவில் ஒரு பக்கத்தைக் கிழித்துவிட்டுச் சொல்கிறார்கள்.

கோய்லின் முதல் நாலு ஆட்டத்தைப் பாருங்கள். ஜாம்ஷெட்பூருடன் 1-1. கேரளாவை 3-1 என வென்றது. கோவாவிடம் 3-4, ஒடிசாவிடம் 0-2 தோல்வி. ஜனவரி 6 அன்று, பத்து ஆட்டம் முடிந்த நிலையில், சென்னையின் கையில் ஒன்பது புள்ளிதான். புதியவர் வந்து ஒரு மாதமாகியும் எந்த மாயமும் நடக்கவில்லை. அன்றைக்கும் கேலரியில் யாராவது கத்தியிருப்பார்கள். கத்தலுக்குக் காது கொடுத்திருந்தால் கோய்லும் மூட்டை கட்டியிருப்பார். மீதி எட்டு ஆட்டத்தில் ஒன்றில்கூடத் தோற்காமல் 20 புள்ளி வந்தது.

அந்த எட்டில் முதலாவது ஹைதராபாத்தில். 3-1 என்று சென்னை வென்றது. மறுநாளே ஹைதராபாத் தன் கோச் ஃபில் பிரவுனை வீட்டுக்கு அனுப்பியது. என்ன ஆயிற்று? ஒன்றும் ஆகவில்லை. சீசன் முடிவில் 10 புள்ளியோடு அதே கடைசி இடம். அதே ஜனவரியின் கடைசி நாளில் கோவா செய்தது இன்னும் வேடிக்கை: பட்டியலில் முதலிடத்தில் இருக்கும்போதே செர்ஜியோ லொபேராவை நீக்கியது. உதவியாளராக இருந்த கிளிஃபர்ட் மிராண்டா பொறுப்பேற்றார், அணி முதலிடத்திலேயே முடித்தது. ஒரே சீசனில் மூன்று நீக்கம். ஒன்று அணியைத் தூக்கிவிட்டது, ஒன்று அசைக்கவேயில்லை, ஒன்றுக்குத் தேவையே இருந்ததாகத் தெரியவில்லை.

நெதர்லாந்தின் பொருளாதார ஆய்வாளர் பாஸ் டெர் வீல் இந்தச் சங்கதியை நிதானமாக ஆராய்ந்தவர். 1986 முதல் 2004 வரையிலான டச்சு லீக் ஆட்டங்களை எடுத்துக்கொண்டார். தொடர்ந்து தோற்று, கோச்சை நீக்கிய அணிகளை ஒரு பக்கம் வைத்தார். அதே அளவு தோற்றும் நீக்காமல் இருந்த அணிகளை மறுபக்கம் வைத்தார். இரண்டு தரப்பும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் மீண்டிருந்தன. சளிக்கு மருந்து சாப்பிட்டால் ஒரு வாரம், சாப்பிடாவிட்டால் ஏழு நாள் என்று நம் ஊரில் சொல்வோமே, அதேதான். அடிமட்டத்துக்கு வந்துவிட்ட அணி பெரும்பாலும் தன் வழக்கமான தரத்துக்குத் திரும்பவே செய்யும். அந்த நேரத்தில் யார் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறாரோ அவருக்கு மாலை விழும்.

அப்படியானால் கோய்லுக்கு விழுந்ததும் அந்த வகை மாலைதானா? முழுக்க அப்படிச் சொல்ல மாட்டேன். அவர் கைக்கு வந்த ஆட்டக்காரர்களைப் பாருங்கள். 15 கோலடித்துத் தங்கக் காலணி வாங்கிய வால்ஸ்கிஸ், நடுக்களத்தில் பந்தை வைத்து வித்தை காட்டிய கிரிவெல்லாரோ, இருவருமே கிரிகரி காலத்தில் எடுக்கப்பட்டவர்கள். நெய்வேலி எட்வின் வான்ஸ்பாலும் அப்படித்தான். விதை கிரிகரி காலத்தது, அறுவடை கோய்லுடையது. பந்து கிடைத்ததும் விறுவிறுவென்று முன்னேறித் தாக்குவது கோய்லின் பாணி. இருந்த ஆட்களுக்கு அது பொருந்திப்போனது. அந்தப் பொருத்தம்தான் என்னைப் பொறுத்தவரை முழுக் கதையும்.

பொருத்தம் பார்க்காவிட்டால் என்னாகும் என்பதற்கு மான்செஸ்டர் யுனைடெட் இருக்கிறது. 2023-24 லீகில் எட்டாவது இடம், ஆனாலும் எஃப்.ஏ. கோப்பை கிடைத்தது என்று எரிக் டென் ஹாக்கின் ஒப்பந்தத்தை நீட்டித்தார்கள். அவர் முறைக்கேற்ற ஆட்களைக் கோடிகோடியாகக் கொட்டி வாங்கினார்கள். ஒன்பதே லீக் ஆட்டம். 11 புள்ளி, 14ஆவது இடம். 2024 அக்டோபர் 28 அன்று அவரை அனுப்பிவிட்டார்கள். அவருக்கும் அவர் உதவியாளர்களுக்கும் கொடுத்த தொகை மட்டும் சுமார் ஒரு கோடி பவுண்டு. மாற்றாக வந்த ரூபன் அமோரிம், சீசன் முடிந்து வருகிறேனே என்று கேட்டுப் பார்த்தார். இப்போது வராவிட்டால் எப்போதும் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். அவரோ பின்களத்தில் மூன்று பேரை நிறுத்தி ஆடவைப்பவர். நாலு பேர் நிற்கும் முறைக்காகச் சேர்த்த அணியை அவர் கையில் கொடுத்தார்கள். சீசன் முடிவில் 15ஆவது இடம். மாப்பிள்ளையை மாற்றிவிட்டு, பழைய மாப்பிள்ளைக்குத் தைத்த கோட்டையே புதியவருக்கும் மாட்டிவிட்ட கதை.

இந்த இடத்தில் யாராவது இதே யுனைடெட்டின் அலெக்ஸ் பெர்குசனை இழுப்பார்கள். 1989 டிசம்பரில் அவரைப் போகச் சொல்லி ரசிகர் பேனர் பிடித்தார், நிர்வாகம் பொறுத்தது, பின்னால் 13 லீக் பட்டம் வந்தது என்பார்கள். சரிதான். ஆனால் பொறுத்துப் பொறுத்தே இரண்டாம் டிவிஷனுக்கு இறங்கிப்போன அணிகளைப் பற்றி யாரும் புத்தகம் போடுவதில்லை.

ஆகவே சீசன் தொடக்கத்திலேயே கோச்சை நீக்கலாமா என்று கேட்டால், தோல்விக் கணக்கை மட்டும் காட்டாதீர்கள் என்பேன். வரப்போகிறவர் யார், இருக்கிற பதினொரு பேரை வைத்து அவர் என்ன செய்வார், முதல் பத்து ஆட்டத்தில் அவரும் சறுக்கினால் தாங்குவீர்களா? இதற்கெல்லாம் பதில் இருந்தால் நவம்பரே நல்ல நேரம்; பிப்ரவரிவரை இழுத்தால் புதியவர் வந்து திருத்துவதற்கு ஆட்டம் மிச்சமிருக்காது.

கோய்ல் சென்னையைக் கொண்டுபோய்ச் சேர்த்த அந்த இறுதிப்போட்டி 2020 மார்ச் 14 அன்று கோவாவின் ஃபடோர்டாவில், கொரோனா காரணமாகப் பார்வையாளர்களே இல்லாமல் நடந்தது. சென்னை 1-3 என ஏ.டி.கே.விடம் தோற்றது. கோய்ல் ஜாம்ஷெட்பூருக்குப் போனார். வால்ஸ்கிஸும் கூடவே போனார். 2023இல் கோய்ல் சென்னைக்கே திரும்பி வந்தார். 2024-25 சீசனில் 13 அணிகளில் சென்னை 11ஆவது. இந்த முறை சீசன் முடியும்வரை நிர்வாகம் அவரைத் தொடவில்லை.

அந்த சீசனில் ஒருநாள் நேரு ஸ்டேடியத்தில், ஐந்தாறு வரிசை தள்ளி, பழகிய குரல் ஒன்று கேட்டது. தலை கொஞ்சம் நரைத்திருந்தது. தொண்டை மட்டும் அப்படியே இருந்தது.

"கோச்ச மாத்துங்கப்பா!"