கழுத்து வலிக்கு எத்தனை மதிப்பெண்?

ஆக்லாந்தின் தெற்கு மோட்டார்வேயில் மாலை நேரத்தில் வண்டிகள் ஊர்ந்துதான் போகும். பின்னால் வரும் கார் லேசாக முட்டினாலும், மறுநாள் காலையில் கழுத்தைத் திருப்ப முடியாமல் போகலாம். இங்கே பிசியோதெரபிஸ்ட்டைப் பார்க்க டாக்டரின் சீட்டு தேவையில்லை. விபத்துக் காயம் என்றால், தவறு யாருடையது என்று பார்க்காமல் சிகிச்சைச் செலவில் பங்கேற்கும் ஏசிசி என்ற அரசு அமைப்பு 1974 முதல் இயங்குகிறது. வயதாவதால் மட்டுமே வரும் தேய்மானத்தை அது ஏற்காது.

காய்ச்சலை அளக்க தெர்மாமீட்டர் உண்டு. கழுத்து வலிக்கு அப்படி எதுவும் இல்லை. எக்ஸ்ரேயில் எலும்பு தேய்ந்திருப்பவர் வலியே இல்லாமல் நடமாடுவார். படம் சுத்தமாக இருப்பவர் தூக்கமில்லாமல் தவிப்பார். அதனால் நோயாளியையே கேட்க வேண்டியிருக்கிறது. ‘பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் வலி எவ்வளவு?’ என்பது எளிய கேள்வி. ஆனால் அந்த எண், வலியால் எந்த வேலை தடைப்படுகிறது என்பதைச் சொல்லாது.

அதைச் சொல்வது ‘நெக் டிசெபிலிட்டி இண்டெக்ஸ்’ என்ற படிவம். முதுகுவலிக்கு இருந்த ஆஸ்வெஸ்ட்ரி படிவத்தைத் தழுவி, கனடாவின் ஹோவர்ட் வெர்னனும் சில்வானோ மியரும் இதை 1991இல் வெளியிட்டார்கள். வலியின் அளவு, குளித்து உடுத்துவது, பளு தூக்குவது, வாசிப்பு, தலைவலி, கவனம், வேலை, கார் ஓட்டுவது, தூக்கம், பொழுதுபோக்கு என்று 10 பகுதிகள். ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 5 வரை, மொத்தம் 50. இங்கே மதிப்பெண் கூடினால் பாதிப்பும் கூடுதல். 5 முதல் 14 வரை லேசானது, 15 முதல் 24 வரை நடுத்தரம், 25 முதல் 34 வரை கடுமை, அதற்கு மேல் முழுமையான முடக்கம்.

ஊரிலிருந்து வந்து பேரனைப் பார்த்துக்கொள்ளும் அம்மா கார் ஓட்டமாட்டார். அந்தப் பகுதியை விட்டுவிட்டால் மொத்தம் 45. அவர் 18 வாங்கினால் 40 சதவீதம். 50க்குக் கணக்கிட்டால் 36 என்று பாதிப்பு குறைந்து தெரியும்.

ஒரு நாள் மதிப்பெண்ணை விட, சில வாரம் கழித்து அது எவ்வளவு இறங்கியது என்பதே முக்கியம். இரண்டொரு புள்ளி இறங்குவதை முன்னேற்றமாக எடுத்துக்கொள்வதில்லை. குறைந்தது 5 புள்ளியாவது மாறவேண்டும் என்றார் வெர்னன். அதற்கும் மேல் வேண்டும் என்கின்றன பிந்தைய சில ஆய்வுகள்.

சட்டைப் பொத்தான் போட விரல் தடுமாறுவது, நடை தள்ளாடுவது, சிறுநீர் கட்டுப்படாதது ஆகியவை தண்டுவடம் நசுங்குவதன் அடையாளமாக இருக்கலாம். அப்போது படிவம் நிரப்பிக் காத்திருக்காமல் உடனே டாக்டரிடம் போகவேண்டும்.

நம்மவர்களிடம் கேட்டால் வாய் தானாகவே ‘பரவாயில்லை’ என்றுவிடும். அந்த ஒரு சொல்லால் மதிப்பெண் பொய்யாகிவிடும். கேள்வி ஆங்கிலத்தில் புரியாவிட்டால் மொழிபெயர்ப்பாளரைக் கேளுங்கள். இயன்ற இடத்தில் அவரைப் பெறுவது நியூசிலாந்து நோயாளிகளுக்கு 1996 முதல் உள்ள உரிமை.