சித்திரங்குடி பறவைகள் சரணாலயம்
ஐப்பசி முதல் மாசி வரை

அருப்புக்கோட்டை, திருச்சுழி முதல் கிழக்கே முதுகுளத்தூர் வரை பரந்திருப்பது வானம் பார்த்த பூமி. இங்கே வடகிழக்குப் பருவமழை பெய்தால்தான் கண்மாய்கள் பெருகும். முதுகுளத்தூர் அருகிலுள்ள இந்தச் சித்திரங்குடிக் கண்மாய் அவற்றுள் ஒன்று. பாசனத்துக்காக வெட்டப்பட்ட கண்மாய், 1989இல் பறவைகள் சரணாலயமானது. பரப்பு சுமார் 260 ஹெக்டேர். 2022 ஆகஸ்டில் பன்னாட்டு முக்கியத்துவம் வாய்ந்த ராம்சார் ஈரநிலமாக அறிவிக்கப்பட்டது.

ஐப்பசியில் தண்ணீர் வரத் தொடங்கியதும் கூழைக்கடா, சங்குவளை நாரை, சாம்பல் நாரை, கொக்கு ஆகியவை வந்து சேரும். கண்மாய்க்குள் நிற்கும் கருவேல மரங்களில் சுள்ளிகளால் கூடு கட்டிக் குஞ்சு பொரிக்கும்.

இங்கு வரும் நத்தைகுத்தி நாரையின் அலகைக் கவனியுங்கள். மூடியபோதும் அதன் நடுவே ஓர் இடைவெளி தெரியும். கீழலகின் நுனியை நத்தை ஓட்டுக்குள் நுழைத்துச் சதையை உருவி எடுக்கும்.

மழை பொய்த்த ஆண்டில் பறவைகளின் வரவு குறையும். தண்ணீர் விரைவில் வற்றினால், கூட்டிலிருக்கும் குஞ்சுகளுக்கு இரை கிடைக்காது.

அதிகாலையும் மாலையும் பறவைகளைக் காண ஏற்ற நேரம். கூடுகளை நெருங்காதீர்கள்; கரையிலிருந்தே அமைதியாகப் பாருங்கள்.