சர்க்கரை 140... எப்போது எடுத்த 140?

சேத்தூரில் சூரணமும் கசாயமும் கொடுக்கிற எனக்கும் கம்ப்யூட்டர் இன்ஜினியருக்கும் என்ன சம்பந்தம் என்று நீங்கள் கேட்கலாம். போன பொங்கலுக்குத் தங்கை மகள் ஊருக்கு வரும்வரை நானும் அப்படித்தான் நினைத்தேன்!

பெங்களூரில் அவளுக்கு 'சீனியர் அனலிட்டிக்ஸ் இன்ஜினியர்' வேலை. "அப்படின்னா என்னம்மா?" என்றேன்.

"பல இடத்துல இருந்து வர்ற கணக்கை ஒரே அர்த்தத்துக்குக் கொண்டுவந்து, யாரும் நம்பி எடுக்கிற மாதிரி அடுக்கி வைக்கணும் மாமா."

பேச்சுவாக்கில் என் நோயாளிக் குறிப்பேட்டைக் கொடுத்தேன். அரை மணி நேரத்தில் மானத்தை வாங்கிவிட்டாள்! ஒரே நோயை ஒரு பக்கத்தில் நீரிழிவு, இன்னொன்றில் மதுமேகம், அவசரத்தில் சர்க்கரை என்று எழுதியிருந்தேன்.

"மூணும் ஒண்ணுதானா?"

"ஒண்ணுதான்."

"அது உங்களுக்குத் தெரியும். நோட்டுக்குத் தெரியாதே!"

அடுத்த கேள்வி: "ஒரு வரின்னா ஒரு ஆளா, ஒரு தடவை வந்ததா?" மில் ஷிப்ட் முடிந்து மாதம் மூன்று தடவை வருகிறவர் என் கணக்கில் மூன்று நோயாளியாகி இருந்தார்.

இதையெல்லாம் சிரித்துவிட்டு விடலாம். இன்னொன்றை அப்படி விட முடியவில்லை. தறி வேலைக்குப் போகும் ஒரு அம்மாவுக்கு 'சர்க்கரை 140' என்று மட்டும் குறித்திருந்தேன். எப்போது எடுத்த 140? வெறும் வயிற்றில் 126 அல்லது அதற்கு மேல் இருந்து, மறுபரிசோதனையிலும் அப்படியே வந்தால் அது நீரிழிவு. குளுக்கோஸ் குடித்து 2 மணி நேரம் கழித்து 140 முதல் 199 வரை என்றால் நீரிழிவுக்கு முந்தைய கட்டம். எண் ஒன்றுதான், வைத்தியம் வேறு! நான் பின்னதாக எடுத்துக்கொண்டு, நடக்கச் சொல்லி, சோற்றைக் குறைக்கச் சொல்லி அனுப்பியிருந்தேன். ஆள் விட்டு வரவழைத்து மறுபடி ரத்தம் பார்த்தால் வெறும் வயிற்றிலேயே 160-க்கு மேல். ஆறு மாதம் போயிருந்தது, என் பேனாவால்.

ஒருத்தன் நோட்டிலேயே இப்படி என்றால் நாடு முழுக்க? சித்த மருத்துவத்தில் நோய்கள் 4448 என்று கல்லூரியில் படித்தோம். ஊருக்கு ஊர் பெயர் வேறு. சனங்களுக்கு 'வாதம்' என்றால் கை கால் விழுவது. எங்களுக்கு மூட்டுவலியும் வாதத்தில்தான் சேரும். இதற்காகத்தான் 2017-ல் மத்திய ஆயுஷ் அமைச்சகம் 'நமஸ்தே' இணையதளத்தைத் தொடங்கி, சித்தா, ஆயுர்வேதம், யுனானி நோய்ப் பெயர்களுக்குக் குறியீட்டு எண்கள் கொடுத்தது. 2024 ஜனவரி 10-ல் உலக சுகாதார நிறுவனமும் தன் ஐ.சி.டி-11 நோய்ப் பட்டியலில் இந்த மூன்று முறைகளுக்கும் தனிப் பகுதி வெளியிட்டது. நல்ல காரியம். ஆனால் எழுதுகிற கை ஏனோதானோ என்று எழுதினால் எண் என்ன செய்யும்?

உங்கள் வீட்டிலும் ஒரு நோட்டுப் போடுங்கள். தேதி, வெறும் வயிறா, சாப்பிட்டு எத்தனை மணி நேரம், எந்த லேபில் எடுத்தது, அப்போது சாப்பிட்ட மருந்து எல்லாம் இருக்கட்டும். என்னிடம் வாங்கிய கசாயத்தையும் எழுதி, இங்கிலீஷ் டாக்டரிடம் மறைக்காமல் காட்டுங்கள்.

ஊருக்குக் கிளம்பும்போது மருமகள் என் நோட்டில் கோடு போட்டுக் கொடுத்துவிட்டுப் போனாள். சர்க்கரைக் கட்டத்துக்கு முன்னால் 'சாப்பிட்டாச்சா?' என்று ஒரு கட்டம். அதை நிரப்பாமல் இப்போது நான் அடுத்ததை எழுதுவதில்லை.