ஷானி திலுகாவின் பியானோப் பயணம்

இலங்கைப் பெற்றோருக்கு 1976இல் மொனாக்கோவில் பிறந்த பியானோ கலைஞர் ஷானி திலுகா, அந்நாட்டு இளவரசி கிரேஸ் தொடங்கிவைத்த இசைத் திட்டத்தின் வழியாக ஆறாவது வயதில் கண்டறியப்பட்டு, பின்னர் பாரிஸ் தேசிய இசைக் கல்லூரியில் பயின்று, ஐரோப்பிய மேடைகளில் தமக்கென ஓர் இடத்தைப் பெற்றவர்.

நோர்வே இசையமைப்பாளர் கிரீக்கின் படைப்புகளை அவர் 2007இல் மிராரே இசைத்தட்டு நிறுவனத்துக்காகப் பதிவு செய்தார். அதில் பியானோவும் பெரிய வாத்தியக் குழுவும் எதிரெதிர் நின்று உரையாடுவதுபோல் அமைந்த கொன்சேர்ட்டோ என்ற வடிவமும், தனிப் பியானோவுக்கான சிறு துணுக்குகளும் அடுத்தடுத்து வருகின்றன. பீத்தோவனின் முதலிரு கொன்சேர்ட்டோக்களும், கேஜ், பில் எவன்ஸ் முதலிய அமெரிக்கரின் இசையைத் தொகுத்த ‘ரோட் 66’ இசைத்தட்டும் பின்னர் வெளிவந்தன.

எனினும், அவருடைய துணிச்சல் முழுமையாக வெளிப்படுவது வோர்னர் கிளாசிக்ஸ் வெளியிட்ட ‘கொஸ்மொஸ்’ தொகுப்பில்தான். பீத்தோவன் தம் நாட்குறிப்பில் இந்தியத் தத்துவ வரிகளைப் படியெடுத்து வைத்திருந்தார் என்ற வரலாற்றுச் செய்தியைப் பற்றிக்கொண்டு, அவருடைய சொனாட்டாக்களை, அதாவது தனி வாத்தியத்துக்கென்று பல பகுதிகளாக எழுதப்பட்ட நெடும் படைப்புகளை, சித்தார், தபலாவுடன் இசைக்கப்படும் இந்துஸ்தானி ராகங்களின் அருகே அவர் வைக்கிறார். இத்தகைய இணைப்புகள் பெரும்பாலும் வெறும் அலங்காரமாகவே முடிவதுண்டு, இது அப்படியன்று.

இலங்கையின் லிந்துலை போன்ற மலையக ஊர்களில் மேற்கத்தியச் செவ்வியல் கச்சேரிகள் அரிது என்பதால், இவ்விசைக்குப் புதியவர்கள் கிரீக்கின் சிறு துணுக்குகளைக் கைபேசியில் முதலில் கேட்டுவிட்டு, அதன்பின் ‘கொஸ்மொஸ்’ பக்கம் செல்வது நல்லது.