பசியறிந்து செலவு செய்யும் பற்றீரியா

"மூளையே இல்லாத கிருமிக்குப் பசி எப்படி சேர் விளங்கும்?" என்று ஒரு மாணவி கேட்டாள். நான் தமிழ் படிப்பிக்கிறவன். ஆனாலும் கேள்வி விடவில்லை, தேடி வாசித்தேன்.

கலத்தினுள் புரதம் தைக்கும் இயந்திரம்தான் இறைபோசோம். ஈ.கோலை பற்றீரியா நல்ல உணவில் 20 நிமிடத்தில் இரண்டாகும். அப்போது ஒரு கலத்தில் பல்லாயிரம் இறைபோசோம்கள். மெதுவாக வளரும்போது சில ஆயிரம்தான். வளர்ச்சி வேகத்தோடு ஆர்.என்.ஏ.யும் கூடுவதை 1958இல் கொப்பன்ஹேகன் ஆய்வாளர்கள் காட்டினார்கள்.

இறைபோசோம் செய்வது பெருஞ்செலவு. துணி வராத காலத்தில் எந்த முதலாளி புதுத் தையல் மெஷின் வாங்குவார்? அமினோ அமிலம் தட்டுப்பட்டால், அதைச் சுமக்கும் ஆர்.என்.ஏ. வெறுங்கையோடு இறைபோசோமுக்கு வரும். உடனே ரெல்-ஏ என்ற நொதியம் விழித்து, பிபிஜிபிபி எனும் சிறு மூலக்கூறை உண்டாக்கும். 1969இல் கஷெல், கலன்ட் இருவரும் கண்ட 'மாயப் புள்ளி' இதுதான். அது ஆர்.என்.ஏ. பொலிமரேசில் ஒட்டி, புது இறைபோசோம் ஆர்.என்.ஏ. உருவாவதைக் குறைத்துவிடும். மிஞ்சிய இறைபோசோம் புரதங்களிற் சில, தங்களை உண்டாக்கும் தூது ஆர்.என்.ஏ.யிலேயே ஒட்டித் தம் உற்பத்தியைத் தாமே மறிக்கும். உணவு திரும்பினால் மாயப் புள்ளி சிதையும். வேலை மறுபடி தொடங்கும்.

இது வெறும் கிருமிக் கதையல்ல. பெனிசிலின் வளரும் கிருமியைத்தான் நன்றாகக் கொல்லும். செலவைச் சுருக்கி ஒடுங்கிக் கிடப்பது தப்பிப் பிழைக்கலாம். அதனால், "காய்ச்சல் விட்டுட்டுதானே" என்று நாமாகவே மருந்தை நிறுத்தாமல், டொக்டர் சொன்ன நாள்வரை குடிப்போம்.